கட்டலொக் விலையும் கடைக்காரர் விலையும்: பழைய காசின் தரம் பார்ப்பது எப்படி?

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் வேலை செய்த உங்கள் அம்மப்பாவின் தகரப் பேணி ஒன்று திருகோணமலை உவர்மலை வீட்டில் கிடைத்திருக்கிறது. உள்ளே 1870 என்று போட்ட பெரிய செப்பு ஐந்து சதம், ஐந்தாம் ஜோர்ஜ் தலை உள்ள 1920 ஐம்பது சதம், ஒல்லாந்தர் காலத்துச் சின்னச் செப்புக்காசு ஒன்று, 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபா, கூடவே கொஞ்சம் இங்கிலாந்துப் பென்னியும் ஷில்லிங்கும். இணையத்தில் விலைப் பட்டியலைப் பார்த்தால் ஒரே காசுக்கு நாலைந்து விலை போட்டிருக்கிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினால், பட்டியலில் ஆகக் குறைந்த விலையில் பாதிகூடத் தர அவர் தயாரில்லை. யார் பொய் சொல்வது, கட்டலொக்கா, கடைக்காரரா? என் காசு எந்தத் தரம் என்று நானே எப்படிப் பார்ப்பது? இதுதானே கேள்வி?

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. கட்டலொக்கில் இருப்பது, குறையொன்றும் இல்லாத காசை ஒரு வியாபாரி சேகரிப்பாளருக்கு விற்கும் விலை. கடைக்காரர் சொன்னது, உங்கள் கையிலிருக்கும் காசை அதன் தேய்மானத்தோடும் காயங்களோடும் அவர் வாங்கும் விலை. பழகுநர்கள் பெரும்பாலும் முதல் விலையை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவது விலையைக் கேட்டு மனம் நோகிறார்கள். அந்த இடைவெளியில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

தரம் பார்ப்பதற்கு முன் கையிலிருப்பது என்ன காசு என்று சரியாகத் தெரிய வேண்டும். ஆட்சியாளர், வருடம், பெறுமதி மட்டும் போதாது. உலோகமும் தெரிய வேண்டும். உங்கள் ஐம்பது சதத்தையே எடுங்கள். 1892இல் தொடங்கிய இலங்கை வெள்ளிக் காசுகளில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி இருந்தது. 1919இல் அது 55 பங்காகக் குறைக்கப்பட்டது. ராஜா அதே ராஜா, பருமனும் அதே பருமன். 1914 ஐம்பது சதத்தில் சுமார் 4.67 கிராம் தூய வெள்ளி இருக்கிறது, உங்கள் 1920 காசில் ஏறக்குறைய 3.2 கிராம்தான். கட்டலொக்கில் இரண்டும் தனித்தனி வரியில் இருக்கும். பார்க்கிற அவசரத்தில் மேல்வரியின் விலையைக் கீழ்வரிக் காசுக்குப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த வரிகளைப் பிரித்துக் காட்டத்தான் ‘கேஎம்’ எண். செஸ்டர் கிரவுஸ், கிளிஃபர்ட் மிஷ்லர் என்ற இரண்டு அமெரிக்கர்களின் பெயரால் வந்தது; அவர்களுடைய உலக நாணயக் கட்டலொக் 1972இல் முதலில் வெளிவந்தது. டெலிபோன் டிரெக்டரி பருமனில் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் ‘ஏ’ என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால், பெரும்பாலும் உருவம் அதேதான், உலோகமோ எடையோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் நியூமிஸ்டா என்ற தளத்தில் இதே எண்களைப் படங்களோடு பார்க்கலாம். காசை அடையாளம் காண இந்த இரண்டும் போதும். விலைக்கு எவ்வளவு நம்பலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு சின்ன வேறுபாடு விலையை எங்கேயோ கொண்டுபோகும் என்பதற்கு இந்தியாவின் 1911 வெள்ளி ரூபா நல்ல உதாரணம். ஐந்தாம் ஜோர்ஜின் அங்கியில் தொங்கும் பதக்கத்தில் ஒரு யானை உண்டு. அந்த வருடம் யானையின் தும்பிக்கை சரியாக அமையாமல் பன்றி மாதிரித் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பியது. அடுத்த வருடம் யானையைத் திருத்திவிட்டார்கள். ‘பன்றி ரூபா’ என்று அதற்குத் தனி மவுசு. 1912 ரூபா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த விலை அதற்குக் கிடையாது. எந்தக் காசு என்பது வேறு, எந்த நிலையில் இருக்கிறது என்பது வேறு.

சரி, தரத்துக்கு வருவோம். இன்று உலகம் முழுவதும் புழங்கும் 1 முதல் 70 வரையான அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் அங்கேயிருந்த பழைய பெரிய செப்பு சதக் காசுகளுக்காக வகுத்தார். அது பிறந்ததே விலைக் கணக்காகத்தான். ஆகத் தேய்ந்த காசு ஒரு டொலர் என்றால், பழுதில்லாத காசு எழுபது டொலர் என்பது அவருடைய எண்ணம். சந்தை அந்தக் கணக்குக்கு நெடுநாள் கட்டுப்படவில்லை, ஆனால் எண்கள் நிலைத்துவிட்டன. (இன்னொரு கதையும் உண்டு. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த தரம் குறைந்தவற்றை அந்த இடத்தில் வைத்தவர் இதே ஷெல்டன் என்று அவர் இறந்த பிறகு தெரியவந்தது. தரம் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர், தெரிந்துதான் எடுத்திருக்கிறார்.)

எண்களுக்கு மேலே பெயர்களும் உண்டு. இந்தப் பெயர்கள்தான் ஆட்களை ஏமாற்றும். 4 முதல் 6 வரை ‘குட்’. கேட்க நல்ல காசு போலத் தோன்றும். உண்மையில் உருவத்தின் வெளிக்கோடும் வருடமும் மட்டும் மிஞ்சிய காசு அது. 8, 10 ‘வெரி குட்’. 12, 15 ‘ஃபைன்’: உள்விவரங்களில் பாதியளவு தெரியும். 20 முதல் 35 வரை ‘வெரி ஃபைன்’. 40, 45 ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’: மேடான இடங்களில் மட்டும் இலேசான தேய்வு. 50 முதல் 58 வரை, புழங்காத காசுக்கு ஒரு படி கீழே. 60 முதல் 70 வரைதான் ‘அன்சர்குலேட்டட்’, கை மாறாத காசு. ‘புரூஃப்’ என்று ஒன்று காண்பீர்கள், அது தரமே அல்ல. மெருகிட்ட அச்சால் சேகரிப்பாளருக்கென்று தனியாக அடிக்கும் முறை. புரூஃப் காசும் சட்டைப்பையில் கிடந்தால் தேயத்தான் செய்யும்.

இதிலே இங்கிலாந்துக்காரர் கணக்கு வேறு. அவர்கள் எண் போடாமல் பெயரை மட்டும் சொல்லிவந்தவர்கள், அளப்பதிலும் இறுக்கமானவர்கள். லண்டன் ஏலப் பட்டியலில் ‘வெரி ஃபைன்’ என்று வரும் காசை அமெரிக்க வியாபாரி பல சமயம் ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ என்பார். இலங்கைக் காசுகள் இரண்டு பக்கத்திலும் விலைபோவதால், ஒரு விலையைப் பார்க்கும்போது யார் அளந்த தரம் என்றும் பார்க்க வேண்டும்.

பெயர்களை மனப்பாடம் செய்து தரம் பார்க்க வராது. கண் பழக வேண்டும். உங்கள் 1870 ஐந்து சதத்தை வைத்தே பழகலாம், அவ்வளவு பெரிய காசு கைக்கு வருவது நல்ல வாய்ப்பு. மஞ்சள் பல்ப் உள்ள மேசை விளக்கு ஒன்று, நகைக்கடைக்காரரும் இரத்தினக்கல் பார்ப்பவரும் கண்ணில் வைக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, கீழே விரிக்க ஒரு மெத்தென்ற துணி. காசின் முகத்தில் விரல் படாமல் விளிம்பில் பிடியுங்கள். முதலில் லென்ஸ் இல்லாமல் பாருங்கள். விக்டோரியா ராணியின் தலையில் எது ஆக மேடாக இருக்கிறது? காதுக்கு மேலே வாரிவிட்ட தலைமயிர். காசு கை மாறும்போது முதலில் தேய்வது அந்த இடம்தான். மயிர் இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் ஒரு தரம். இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகத் தெரிந்தால் இன்னொன்று. காதும் மயிரும் ஒரே வழவழப்பான மேடாகிவிட்டால் ‘வெரி குட்’டுக்கு மேலே யோசிக்க வேண்டாம். திருப்பிப் போட்டால் நடுவில் மரம், சுற்றிலும் சிங்கள, தமிழ் எழுத்துக்கள். மரத்து ஓலைகளின் உள்கீற்றுக்கள் தெரிகிறதா, வெளிவடிவம் மட்டும்தானா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும் என்றில்லை. மாறுபட்டால் மோசமான பக்கத்தைக் கணக்கில் எடுப்பதே பாதுகாப்பு.

ஐந்தாம் ஜோர்ஜ் காசில் பார்க்க வேண்டியது கிரீடம். கிரீடத்தின் அடிப்பட்டியில் உள்ள மணிகள், காது, புருவம், மீசை. பட்டியின் நடுமணிகள் தனித்தனியாக நின்றால் காசு நன்றாக இருக்கிறது. நடுவில் மணிகள் கரைந்து இரு ஓரமும் மட்டும் தெரிந்தால் ‘ஃபைன்’ அல்லது அதற்குச் சற்று மேலே.

ஒரு சிக்கல் இருக்கிறது. சில காசுகள் அச்சிலிருந்து வரும்போதே மங்கலாக வந்திருக்கும். அச்சு தேய்ந்திருக்கலாம், அடி சரியாக விழாமல் போயிருக்கலாம். அது தேய்மானம் இல்லை, ஆனால் படத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசம் காண மினுக்கத்தைப் பார்க்க வேண்டும். விளக்கின் கீழே காசை மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத காசில் வெளிச்சம் ஒரே இடத்தில் நிற்காது. வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் சுற்றுவது போல முகம் முழுக்க ஓடும். மங்கலான இடத்திலும் அந்த ஓட்டம் அறுபடாமல் போனால் அங்கே அச்சுதான் மங்கல். மேட்டில் மட்டும் ஓட்டம் நின்று சாம்பல் பூத்த மாதிரித் தெரிந்தால் அங்கே கை பட்டிருக்கிறது. இந்த ஒன்றைப் பழகிவிட்டால் பாதி வித்தை வந்த மாதிரி. போட்டோவில் இது தெரியாது. அதனால்தான் படத்தை அனுப்பி ‘இது எந்தத் தரம்’ என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு தரங்களுக்கு இடையில் ஒரு பதிலைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

இனி கடைக்காரர் விலையைக் குறைத்த முக்கிய காரணத்துக்கு வருவோம். ஐந்து சதத்தை அம்மம்மா புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், குத்துவிளக்கைத் துலக்கும் அதே அக்கறையோடு செய்திருப்பார். ஆனால் காசுச் சந்தையில் அது பெரிய குறை. புளியின் அமிலம் செம்பின் மேற்தோலைக் கரைத்துவிடும். நூற்றைம்பது வருடத்தில் தானாகப் படிந்த பழுப்பு நிறம் போய், ரோசாவும் செம்மஞ்சளும் கலந்த ஒரு வெறும் நிறம் வரும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். பிராஸோ போட்டால் எழுத்துக்களின் இடுக்கில் வெள்ளைத் தூளும் மிஞ்சும். இப்படிப்பட்ட காசைத் தரம்போடும் நிறுவனங்கள் எண் கொடுக்காமல் ‘கழுவியது’ என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும். கட்டலொக்கின் எந்தக் கட்டத்து விலையும் அதற்குப் பொருந்தாது. ‘வெரி ஃபைன்’ அளவுக்கு விவரம் தெரிந்தாலும், கழுவிய காசு ‘ஃபைன்’ விலைக்கோ அதற்கும் கீழேயோதான் போகும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி காணும் இன்னொரு குறை, நகையாகப் போட்ட காசு. சங்கிலியில் கோக்கத் துளை போட்டிருப்பார்கள், அல்லது வளையம் ஒட்டிப் பிறகு கழற்றியிருப்பார்கள். துளை கண்ணுக்குத் தெரியும், ஒட்டிய தழும்பு தெரியாது. விளிம்பைச் சுற்றி லென்ஸ் ஓட்டுங்கள். பன்னிரண்டு மணி இடத்தில் ஈயம் மாதிரி ஒரு சொட்டோ அரத்தால் இழைத்த தட்டையோ இருந்தால் அது பதக்கமாகத் தொங்கிய காசு. இங்கிலாந்துத் தங்கப் பவுணில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நல்ல பவுண் 7.98 கிராம் நிற்கும். ஒட்டிக் கழற்றியது தங்க எடைக்கு விலைபோகும், காசு என்ற கூடுதல் விலை போய்விடும்.

அப்புறம் நம்முடைய உப்புக்காற்று. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் செம்பை வெறுமனே அலுமாரியில் வைத்தால் பச்சைக் களிம்பு பிடிப்பதைத் தடுக்க முடியாது. பச்சையிலும் இரண்டு விதம். இறுகி, மெழுகினது போல, தேய்த்தாலும் வராமல் இருப்பது பழைய படிவு. அதனால் தொல்லை இல்லை, சிலர் அதை விரும்பியே வாங்குவார்கள். குத்தினால் தூளாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் வேறு. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே புகுந்து, ஈரம் படும்போதெல்லாம் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும் நோய் அது. அந்தக் காசைப் பிரித்துத் தனியே வைத்துவிடுங்கள். உங்கள் ஐந்து ரூபாவில் வழவழவென்று ஒட்டும் பச்சை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது களிம்பு இல்லை. மிருதுவான பிவிசி பிளாஸ்டிக் உறை வெக்கையில் கசிந்து காசில் படிந்தது. சுத்தமான அசிட்டோனில் தேய்க்காமல் முக்கி எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். காசின் தோலைத் தொடாத கழுவல் அது. நெயில் பொலிஷ் நீக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தூரத்தில் செய்யுங்கள். பிறகு பிவிசி இல்லாத மைலார் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். பத்திரிகைக் கடுதாசியில் சுற்றாதீர்கள், வெள்ளி கறுத்துவிடும்.

இப்போது விலை. விளக்கத்துக்காக ஒரு கணக்குச் சொல்கிறேன், உண்மை விலை என்று எடுக்க வேண்டாம். ஒரு செப்புக்காசுக்கு ‘ஃபைன்’ 8 டொலர், ‘வெரி ஃபைன்’ 20, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ 60, ‘அன்சர்குலேட்டட்’ 150 என்று பட்டியல் இருக்கிறது. படி ஏற ஏற விலை தாவுகிறது. ஏன்? சந்தையில் மீன் வாங்கவும் படகுக்கூலி கொடுக்கவும் அடித்த காசு அது. லட்சக்கணக்கில் அடித்தாலும் எல்லாம் புழங்கித் தேய்ந்தன. புதுசாகவே எடுத்து வைத்தவர் சிலர். தேய்ந்த காசு வேண்டிய அளவு கிடைக்கும், தேயாதது தேட வேண்டும். விற்பவர் எல்லோருக்கும் தம் காசு ஒரு படி மேலே தெரிவதும் இந்தத் தாவலால்தான். அதே காரணத்துக்காக வாங்குபவருக்கு ஒரு படி கீழே தெரியும்.

பழசு என்றால் விலை என்று நினைப்பதும் சரிவராது. 4ஆம், 5ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக்காசுகள் இலங்கையில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஆயிரத்தைந்நூறு வருடப் பழசு, ஆனால் தேய்ந்த சின்னக் காசுகளுக்குப் பெரிய விலை இல்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், இவை இரண்டும்தான் விலையைக் கட்டுவது. ‘இந்தக் காசு உங்களிடம் இருந்தால் பத்து இலட்சம்’ என்று வரும் வீடியோக்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பத்து இலட்சம் கொடுத்து வாங்குபவரை அதில் ஒருநாளும் காட்டுவதில்லை, கவனித்துப் பாருங்கள்.

அச்சிட்ட கட்டலொக் என்றால் பெரும்பாலும் பழைய பதிப்புதான் நம் கைக்கு வரும். அதன் எண்ணும் எடையும் உலோகமும் இன்றைக்கும் சரி, விலை அப்படியல்ல. இரண்டு காசுகளுக்கிடையே எது அரிது என்று ஒப்பிட மட்டும் அந்த விலையை வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஈபே பார்ப்பதென்றால், விற்க வைத்திருக்கும் விலையைப் பார்க்காமல் ‘விற்றுப்போனவை’ என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். ஐயாயிரம் டொலர் கேட்டு நாலு வருடமாக விலைபோகாமல் கிடக்கும் காசை விலை என்று எடுக்க முடியாது. பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைகளைப் படத்தோடு வைத்திருக்கின்றன. சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த தொகைக்கு, மேல் வாங்குபவர் தனியாக ஒரு வீதம் கட்டுவார் என்பதையும், விற்றவருக்குக் கழிவு போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஒரே விற்பனையை நம்பாதீர்கள். இரண்டு பேர் வீம்புக்கு ஏலம் கேட்டால் சாதாரணக் காசும் ஏறும்.

ரூபாக் கணக்கிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, சில மாதத்தில் 350ஐத் தாண்டியது. அப்போது ‘காசு விலை ஏறிவிட்டது’ என்று பலரும் சந்தோசப்பட்டார்கள். ஏறியது டொலர். வெள்ளிக் காசுகளுக்கு வெள்ளியின் சந்தை விலையும் சேர்ந்து ஆடும். அதனால் எந்த விலையைக் குறித்து வைத்தாலும் பக்கத்தில் திகதியைப் போட்டு வையுங்கள்.

கடைக்காரரின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் காசை வாங்கி, அதைக் கேட்டு வரும் ஆளுக்காக அவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திருகோணமலையில் சேகரிப்பாளர் அப்படியொன்றும் வரிசையில் நிற்கவில்லை. தரத்தைச் சரியாகப் பார்த்த பிறகு, உண்மையில் விற்றுப்போகும் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தந்தால் என் கணக்கில் அது நியாயமான வியாபாரம். சேகரிப்பாளரிடம் நேரடியாக விற்றால் கூட வரும், அதற்கு ஆளைத் தேட வேண்டும்.

போலிகளைப் பற்றிக் கொஞ்சம். விக்டோரியா ரூபாவிலும் கிழக்கிந்தியக் கம்பனி ரூபாவிலும் வார்ப்புப் போலிகள் நிறையத் திரிகின்றன. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். அந்த ரூபாக்கள் 11.66 கிராம் நிற்க வேண்டும். தேய்ந்து கொஞ்சம் குறையலாம், கூடவே கூடாது. காந்தத்தில் ஒட்டினால் பேச்சே இல்லை. 1818 என்று போட்டு ராமர், சீதை, அனுமார் படம் உள்ள ‘கிழக்கிந்தியக் கம்பனி’ செப்புக்காசுகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். அப்படி ஒரு காசைக் கம்பனி வெளியிடவே இல்லை, பிற்காலத்தில் அடித்துவிட்ட கற்பனைக் காசுகள். ‘அரிசியை இழுக்கும்’ என்று சொல்லி இலட்சங்கள் பறிப்பது இதை வைத்துத்தான்.

உங்கள் ஒல்லாந்தர் காசு போலி போலத் தெரியவில்லை. ஒருபக்கம் முடிசூட்டிய கேடயத்தில், அலையிலிருந்து எழும் சிங்கம் என்றால் ஒல்லாந்தின் ஸீலாந்து மாகாணத்துக்காக அடித்த டொயிட் என்ற சின்னச் செப்புக்காசு. மறுபக்கம் பின்னிய வி.ஓ.சி. எழுத்து, ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. (நம்முடைய கப்பலோட்டிய தமிழருக்கு இதில் சம்பந்தமில்லை.) 18ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காசு இது, அதனால் அரிதல்ல. நம்மூர்க்காரர் கண்ணில் எண்ணெய் விட்டுத் தேட வேண்டியது வேறொன்று. ஒல்லாந்தர் இலங்கையிலேயே அடித்த ஸ்டைவர் என்ற தடித்த செப்புக்காசுகளில் முத்திரைக்கு மேலே ஓர் எழுத்து இருக்கும். ‘சி’ கொழும்பு, ‘ஜி’ காலி, ‘ஐ’ யாழ்ப்பாணம், ‘டி’ திருகோணமலை. அந்த ‘டி’ போட்டது கிடைத்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கரடுமுரடாக அடித்த காசுகள் என்பதால் அவற்றுக்கு மேலே சொன்ன எண்களெல்லாம் சரியாகப் பொருந்தாது. எழுத்தும் வருடமும் காசின் மேல் முழுதாக விழுந்திருக்கிறதா என்பதுதான் அங்கே தரம். யாழ்ப்பாண அரசரின் ‘சேது’ காசுகளுக்கும் அப்படியே. நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் தெளிவாக இருந்தால் விளிம்பு கோணலாக இருப்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

இந்தப் பழைய காசுகளில் சட்டமும் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகின்றன. உங்கள் டொயிட் அதற்குள் அடங்கும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே அதை ஈபேயில் போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். வயலிலோ கிணறு வெட்டும்போதோ காசு கிளம்பினால் அதையும் அறிவிக்க வேண்டும்.

தரம்போட்டு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிசிஜிஎஸ் 1986இல் தொடங்கியது, என்ஜிசி அதற்கு அடுத்த வருடம். வேலை நல்ல வேலைதான், ஆனால் கட்டணம், கூரியர், காப்புறுதி எல்லாம் சேர்த்தால் உங்கள் பேணியில் இருப்பவற்றின் விலையை விடக் கூடிவிடும். கூட்டுக்குள் இருப்பதை வாங்கும்போது அதன் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், போலிக் கூடுகளும் வந்துவிட்டன.

ஆக, உங்கள் பேணிக்கு என் அபிப்பிராயம், படங்களை வைத்துச் சொல்லக்கூடிய அளவில்: ஐந்து சதம் ‘ஃபைன்’ விவரம், கழுவியது, விற்காமல் வைத்திருந்து கண் பழகுங்கள். ஐம்பது சதம் ‘ஃபைன்’ முதல் ‘வெரி ஃபைன்’ வரை, குறை ஒன்றும் தெரியவில்லை, அந்தக் கட்டத்து விலையோடு நேர்மையாக ஒப்பிடக்கூடியது இந்த ஒன்றுதான். இங்கிலாந்து ஷில்லிங்குகளில் வருடத்தைப் பாருங்கள். 1920க்கு முந்தியவை நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி வெள்ளி, அதன் பின் வெள்ளியே இல்லை. கடற்படைத்தளம் 1957 வரை அவர்கள் கையில் இருந்த ஊர் என்பதால் இங்கே பழைய வீடுகளில் இவை சாதாரணமாகக் கிடைக்கும். பென்னிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஐந்து ரூபாவின் எடை 28.28 கிராம், அதில் 26 கிராமுக்கு மேல் தூய வெள்ளி. அந்த 26 கிராமை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி, கடைக்காரர் சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் கீழே கேட்டிருந்தால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், மற்ற மூன்றுக்கும் அவர் சொன்னது பெரிய பிழையில்லை.